முடிச்சில்லாத நுனி

அம்மாவின் இரும்பு பீரோ மூன்றாவது மாடிக்கும் தெருவுக்கும் நடுவே அந்தரத்தில் நின்றது. நிறுத்தியவர் எதிர்வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவர் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. தன் வீட்டுப் பால்கனிக்கு வந்தார், கீழே தெருவில் நின்ற அப்பாவைப் பார்த்தார், வணக்கம் சொல்ல உள்ளங்கையை உயர்த்தினார். மேலே சங்கிலி இழுத்துக்கொண்டிருந்தவர் கண்ணில் அந்தக் கை பட்டது. அவர் இழுப்பதை நிறுத்திவிட்டார்.

கடைக்காரர் பயந்துபோனார்.

"என்ன சார், நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"தப்பெல்லாம் இல்ல. நிறுத்தச் சொன்னீங்க, நிறுத்தியாச்சு," என்றார் அப்பா, பீரோவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான் வணக்கம்தானே வெச்சேன்."

"உங்களுக்கு அது வணக்கம். மேல இருக்கறவனுக்கு அது ஸ்டாப்."

மேலிருந்து குரல் வந்தது. "அண்ணே, எதுக்கு நிறுத்தினோம்?"

"வணக்கம் வெச்சாங்கடா."

"யாருக்கு?"

"பீரோவுக்கு."

வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. தொங்கும் சரக்குக்குப் பக்கத்தில் அவர் சிரித்து மகள் பார்த்ததில்லை. அவர் தெருவை ஒருமுறை சுற்றிப் பார்த்தார், கையை நீட்டினார், ஆள்காட்டி விரலைத் தரையை நோக்கிச் சின்னதாகச் சுழற்றினார். பீரோ மறுபடி இறங்கத் தொடங்கியது.

மகள் தெருவின் மறுபக்கம் நின்று, பீரோவின் அடியில் கட்டிய கயிற்றைப் பிடித்திருந்தாள். பீரோ சுவரில் உரசாமலும் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. துறைமுகத்தில் அந்தக் கயிற்றுக்கு வால் என்று பெயர். சங்கிலி இழுத்துச் சுமையை ஏற்றி இறக்கும் செயின் பிளாக்கையும், அதை உள்ளும் வெளியும் நகர்த்தும் இரும்பு விட்டத்தையும் அவள்தான் தன் கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்தாள். அவள் லிஃப்ட் பொருத்தும் கம்பெனியில் எஞ்சினியர். அப்பாவுக்கு அதில் ஒரு தீராத கிண்டல் உண்டு. "உன் பெட்டி ரெண்டு பக்கமும் தண்டவாளத்தைப் பிடிச்சுக்கிட்டு நல்ல பிள்ளையா ஏறி இறங்குது. என் பெட்டிக்கு ஒரு பக்கம் காத்து, ஒரு பக்கம் கடல்."

அவர் கப்பலில் கை காட்டுபவர். துறை ஆழம் போதாததால் பெரிய கப்பல்கள் கரைக்கு வராமல் வெளிக்கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். பார்ஜ் என்கிற தட்டைப் படகுகள் அவற்றின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். கப்பலின் கிரேன் கிடங்கிலிருந்து சரக்கைத் தூக்கிப் பார்ஜில் இறக்கும். கிரேன் ஓட்டுபவருக்குக் கிடங்கின் அடியும் தெரியாது, பார்ஜும் தெரியாது. கப்பலின் விளிம்பு மறைத்துவிடும். அவருக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: விளிம்பில் நிற்கும் ஒரு மனிதரின் கை. அந்த மனிதர் அப்பா. அதனால் துறைமுகத்தில் அவருக்குப் பெயரே 'கை' என்றாகிவிட்டது. "கை வந்தாச்சா?" "கை இன்னிக்கு லீவு." அம்மா மட்டும், "ஊருக்கெல்லாம் கை. வீட்டுல ஒரு துரும்பைக் கிள்ளிப் போட மாட்டார்," என்பார்.

மூன்றாவது மாடிப் பால்கனியில் சங்கிலி இழுத்தவர் அந்தக் கிரேன் ஓட்டுநர். கேபினிலிருந்து குனிந்து பார்த்தே கழுத்து முன்பக்கம் வளைந்துபோனதால் அவர் பெயர் கழுத்து. மகளுக்குக் கழுத்து மாமா.

ஏற்று, இறக்கு, திருப்பு என்று சொல்ல ஒரே ஒருவருக்குத்தான் உரிமை. நிறுத்து என்று மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். கப்பல் கேப்டன் சொல்லலாம், சமையல்காரர் சொல்லலாம், வழியில் போகிறவர் சொல்லலாம். உயர்ந்த உள்ளங்கை யாருடையது என்று பார்க்கக் கூடாது. முதலில் நிறுத்து, காரணம் அப்புறம். கடைக்காரரின் வணக்கத்துக்குப் பீரோ நின்றது இதனால்தான்.

பீரோ தரையைத் தொட்டபோது சத்தம் வரவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மா, "வந்துடுச்சா?" என்று கேட்டார். அவர் நேராகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சத்தம் வராததால் நம்பவில்லை.

மிச்சம் இருந்தது அம்மாவின் மெஷின் மட்டும்.

அம்மா தார்ப்பாய் தைப்பவர். கப்பல் கிடங்கின் மூடி, லாரியின் மூடி, கடை வாசலுக்கு நிழல் தரும் கித்தான், எல்லாம் தைப்பார். அப்பாவும் அவரும் முதன்முதலில் பேசியதே ஒரு தார்ப்பாயின் தையல் பிரிந்ததைப் பற்றிய சண்டைதான். அந்த மெஷினுக்கு வார்ப்பிரும்புக் கால், கனத்த மோட்டார், கட்டில் அகலத்துக்குப் பலகை. மாடிப்படியின் திருப்பத்தில் அது திரும்பாது. வாங்கிய அன்று அப்பா அதைப் பால்கனி வழியாகத்தான் ஏற்றினார். இப்போது அம்மாவின் முழங்கால் மூன்று மாடி ஏறி இறங்க மறுத்துவிட்டது. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தெருவைப் பார்த்த அறை காலியானதும் வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கினார்கள். கட்டில், பாத்திரம், பீரோ, எல்லாம் இறங்கிவிட்டன.

பிரித்து இறக்கலாம் என்று மகள் சொல்லிப் பார்த்திருந்தாள். மெஷினின் காலில் எப்போதோ விரிசல் விட்டு வெல்டிங் வைத்திருந்தது. திருகாணிகள் துருவேறி அந்த வெல்டிங்கோடு ஒன்றாகியிருந்தன. அவளே தட்டிப் பார்த்துவிட்டுப் பேச்சை விட்டுவிட்டாள்.

"ஏறின வழியிலதான் அது எறங்கணும்," என்றார் அம்மா. "அதுக்கு ஒரு கீறல் விழுந்துச்சு, அப்புறம் நான் யாருக்கும் எதுவும் தைக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

"என்னை மிரட்டறா," என்றார் அப்பா மகளிடம். "கப்பல்ல கூட யாரும் என்னை இப்படி மிரட்டினதில்ல."

அப்பா மேலே போனார். மெஷினைச் சுற்றிப் பட்டைகளைப் போட்டார். பலகையின் மூலைகளுக்குப் பழைய டயர்த் துண்டுகளை வைத்தார். கொக்கியை மாட்டி, தரையிலிருந்து விரல் நுழையும் அளவு தூக்கி, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். இறக்கினார், ஒரு பட்டையைக் கொஞ்சம் நகர்த்தினார், மறுபடி தூக்கினார். திருப்தியானதும் வாலைக் கட்டி, அதைப் பால்கனிக் கம்பிக்கு வெளியே தெருவை நோக்கித் தொங்கவிட்டார். பிறகு தலையைத் தூக்கி எதிர் மொட்டைமாடியைப் பார்த்தார்.

அங்கே துணி காய்ந்துகொண்டிருந்தது. அவருக்குக் காற்றை அளக்க அதுவே போதும். கைக்குட்டை ஆடினால் கவலையில்லை. சட்டை கையை வீசினால் யோசிப்பார். அன்று பெரிய போர்வையொன்று கொடியில் படுக்கையாக எழுந்து நின்றது.

"போர்வை எந்திரிச்சிடுச்சு. இன்னிக்கு வேணாம்," என்றார்.

"அப்பா, எல்லாம் கட்டியாச்சுப்பா. அரை மணி நேர வேலை."

"கட்டினது கட்டினபடி இருக்கட்டும். பலகை பாய் மாதிரி காத்தைப் பிடிக்கும். அடுத்த ஞாயித்துக்கிழமை நான் எறக்கித் தரேன்."

"கழுத்து மாமா, நீங்களாவது சொல்லுங்க."

"நான் எங்க சொல்றது? நான் கையைப் பாத்து வேலை செய்யறவன். கை வேணாம்னா எனக்கும் வேணாம். டீ குடிக்கலாம்."

வியாழக்கிழமை காலை, படகுத்துறைக்குப் போகும் பஸ்ஸில், ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தபடியே அப்பா போய்விட்டார். தூங்குகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கையிலிருந்த சாப்பாட்டுப் பை நழுவிக் கீழே விழுந்ததால்தான் கண்டக்டர் குனிந்து பார்த்தார். எல்லோரையும் போல பையின் காதை மணிக்கட்டில் சுற்றியிருந்தால் அது விழுந்திருக்காது. அப்பா எதையும் கையில் சுற்றிக்கொள்பவரல்ல.

அது வால்காரராக இருந்த காலத்தின் பழக்கம். அவர் வேலைக்குச் சேர்ந்தது வால் பிடிக்கத்தான். சரக்கு மேலே தொங்க, கீழே நாலு மூலைக்கு நாலு பேர் வால் பிடிப்பார்கள். கயிறு கையை அறுக்கும். வழுக்கும். ஒரு சுற்று சுற்றிக்கொண்டால் பிடி கிடைக்கும் என்று உடம்பு கெஞ்சும். அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றவர் ஒருநாள் அப்படிச் சுற்றிக்கொண்டார். சரக்கு திரும்பியது. அவருடைய இரண்டு விரல்கள் கயிற்றோடு போயின. அதற்குப் பிறகு அப்பா கயிற்றைப் பிடித்த விதமே வேறு: கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, எந்த நொடியும் திறந்துவிடக் கூடிய கை. நுனியில் முடிச்சும் போட மாட்டார். முடிச்சு எங்காவது மாட்டும். மாட்டினால் சரக்கு ஆளை இழுக்கும். விட வேண்டிய நேரத்தில் வால் வழுக்கிக்கொண்டு போய்விட வேண்டும்.

அந்த நேரத்தில் அவர்கள் கத்தும் சொல் 'கைவிடு'. நல்ல சொல் இல்லை என்று வெளியாட்கள் நினைப்பார்கள். சரக்கு உட்கார்ந்துவிட்டது, உன் பொறுப்பு முடிந்தது, விரலைக் காப்பாற்றிக்கொள் என்பதுதான் அங்கே அதற்குப் பொருள்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. காய்கறிப் பையானாலும் குடைவாரானாலும் எல்லாமே திறந்த பிடிதான். மகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போகும்போது அவள் மணிக்கட்டைப் பிடிக்க மாட்டார். தன் விரலை நீட்டுவார், அவள் பிடித்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு இதில் ஒரு நிரந்தரப் புகார் இருந்தது. "கல்யாணமான புதுசுல ரோட்டுல கையைப் பிடிப்பார். எப்ப வேணாலும் விட்டுட்டுப் போயிடுவார் போல இருக்கும். ஒரு நாள் கேட்டே கேட்டுட்டேன், என்ன, சரக்குன்னு நெனச்சீங்களான்னு."

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "கைவிட்டுட்டாரே. இப்படிக் கைவிட்டுட்டாரே."

கழுத்து மாமா வந்தார். கிடத்தியிருந்தவரின் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முகம் இப்படித்தான் இருக்குமா," என்றார். "இத்தனை வருஷமா நான் கையை மட்டும்தாம்மா பாத்திருக்கேன்."

கப்பலில் அந்தக் கை வேலை செய்து மகள் நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை.

அவளுடைய கம்பெனிக்கு வரவேண்டிய மோட்டார்ப் பெட்டிகள் அப்பா வேலை பார்த்த ஒரு கப்பலில் வந்திருந்தன. சேதம் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட அவளை அனுப்பியிருந்தார்கள். கயிற்றேணியில் தொற்றி ஏறிக் கப்பல் தளத்தில் கால் வைத்தவளை அப்பா பார்த்தார். வா என்று கூடச் சொல்லவில்லை.

"ஹெல்மெட்டைப் போடு. அந்தக் கம்பத்துக்குப் பின்னால நில்லு. என்ன நடந்தாலும் கையைத் தூக்காதே. தலையைச் சொறியணும்னாகூட அப்புறம் சொறிஞ்சுக்க."

அவளுடைய பெட்டிகள் சின்னவை. அவை முதலிலேயே இறங்கிவிட்டன. கடைசியாக மின்நிலையத்துக்கு வந்த டிரான்ஸ்ஃபார்மர். நாற்பது டன். கிடங்கின் இருட்டிலிருந்து அது மேலே வந்தபோது ஒரு வீடு அடித்தளத்தோடு பெயர்ந்து வருவதுபோல் இருந்தது. அதுவரை சமர்த்தாக இருந்த கடல் அப்போதுதான் மாறத் தொடங்கியது. நுரையில்லை, சீற்றமில்லை. எங்கோ தூரத்தில் வீசிய புயல் அனுப்பிவைத்த நீண்ட அலைகள், ஒன்றன்பின் ஒன்றாக, எண்ணெய் தடவியதுபோல் வழவழவென்று வந்தன. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது, யோசித்தது, மறுபக்கம் சாய்ந்தது.

கிரேன் சரக்கைக் கப்பலின் விளிம்புக்கு வெளியே கொண்டுபோய்விட்டிருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் ஆடத் தொடங்கியது. முதலில் கொஞ்சமாக. அடுத்த அலைக்கு இன்னும் கொஞ்சம். அவள் கயிற்றின் நீளத்தைக் கண்ணால் அளந்தாள். ஏறக்குறைய முப்பது மீட்டர். அந்த நீளத்தில் தொங்கும் எதுவும் ஒரு முறை போய்வர ஏறக்குறைய பதினொரு நொடி எடுக்கும். அலைகளை எண்ணினாள். அவையும் ஏறக்குறைய அதே இடைவெளியில் வந்தன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல் கடல் அந்த நாற்பது டன்னைத் தள்ளிக்கொண்டிருந்தது. இனி ஒவ்வொரு அலைக்கும் ஆட்டம் கூடும். ஒன்று அது கப்பலின் வயிற்றில் மோதும், அல்லது கீழே பார்ஜில் வால் பிடித்து நிற்கும் நாலு பேர்மேல் போகும்.

எல்லோரும் கத்தினார்கள். கப்பல் அதிகாரி இறக்கு என்றார். பார்ஜின் படகோட்டி ஏற்று என்றார். யாரோ உள்ளே கொண்டுவா என்றார். மேலே கேபினில் கழுத்து மாமா ஒருவர் குரலையும் கேட்கவில்லை. அவர் பார்த்தது விளிம்பில் நின்ற ஒரு கையை.

அந்தக் கை அவசரப்படவில்லை. சரக்கு ஒரு பக்கம் ஒதுங்கி, திரும்புமுன் ஒரு கணம் நிற்குமே, அந்தக் கணத்தில் கட்டைவிரல் உயர்ந்தது: ஏற்று. சரக்கு நடுவுக்கு வரும்போது உள்ளங்கை: நிறுத்து. மறுபக்கம் ஒதுங்கி நிற்கும்போது மறுபடி கட்டைவிரல். கயிறு கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகியது. ஊஞ்சலில் நின்று வீசி ஆடுபவர்கள் செய்வதற்கு நேர் எதிரானது அது என்று மகளுக்கு உறைத்தது. நடுவில் தூக்கினால் ஆட்டம் வளரும். ஓரத்தில் தூக்கினால் வளராது. குறுகிய கயிறு அலையோடு தாளம் தப்பியது. கடல் தள்ளியது, தள்ளல் இப்போது தப்பான நேரத்தில் வந்தது.

பிறகு அப்பாவின் கை பக்கவாட்டில் நீண்டது. கிரேன் சரக்கை இழுக்கவில்லை. சரக்கு போய் ஒதுங்கவிருந்த இடத்துக்கு, அது வருமுன்னே போய், அதன் தலைக்கு நேர்மேலே நின்றுகொண்டது. தொங்கும் பொருளுக்கு ஆட இடமில்லாமல் போய்விட்டது. அப்படி இரண்டு முறை. நாற்பது டன் இரும்பு, அதட்டாமலே அடங்கிய மாடுபோல் தலையைத் தொங்கப்போட்டு நின்றது.

கத்தல் அடங்கியது. இனி இறக்க வேண்டியதுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்பா உள்ளங்கையை உயர்த்தி நின்றார்.

நின்றுகொண்டே இருந்தார். கீழே பார்ஜ் ஒரு ஆள் உயரத்துக்கு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அது ஏறும்போது சரக்கு இறங்கினால் இரண்டும் மோதும். அலை ஒன்று போயிற்று. இன்னொன்று. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். வால் பிடித்தவர்கள் தலை நிமிர்ந்து காத்திருந்தார்கள். முழுக் கப்பலும், அதன் கிரேனும், கீழே ஒரு படகும் ஒரு மனிதரின் ஐந்து விரலுக்குக் கட்டுப்பட்டு நின்றன. அந்த விரல்கள் நடுங்கவில்லை. அவர் சரக்கைப் பார்க்கவே இல்லை என்பதை மகள் அப்போதுதான் கவனித்தாள். தூரத்தில், இன்னும் வந்து சேராத தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய அலைகள் கூட்டமாக வரும். கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் கடல் கொஞ்சம் மூச்சு வாங்கும். அவர் அதற்காகக் காத்திருந்தார். வந்ததும் விரல் தரையை நோக்கிச் சுழன்றது. பார்ஜ் ஒரு சின்ன அலையின் உச்சிக்கு ஏறி, இறங்கத் தொடங்கிய அதே கணத்தில் டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தொட்டது. தொட்டு, அதோடு சேர்ந்தே இறங்கியது. கயிறு தளர்ந்தது.

"கைவிடு," என்றார் அப்பா.

நாலு வால்களும் ஒரே நேரத்தில் நாலு கைகளிலிருந்து வழுக்கி விழுந்தன.

மகள் ஒரு பெரிய சத்தத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சத்தம் வரவே இல்லை. அன்றைக்கும் இன்றைக்கும் அவள் வாழ்க்கையில் கேட்ட மிகப் பெரிய அமைதி அதுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு சாப்பாட்டு மேசையில் அவள் ஒரு கரண்டியை நூலில் கட்டித் தொங்கவிட்டு அப்பாவுக்குக் காட்டினாள். நீளம் மாறினால் ஆட்டத்தின் நேரம் மாறும் என்றாள்.

"அது தெரியும். நீளக் கயிறு சோம்பேறி, குட்டைக் கயிறு முன்கோபி," என்றார் அப்பா.

"ஆனா எடை எவ்வளவுங்கறது கணக்குலயே வராதுப்பா."

அப்பா கரண்டியிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். "எடை வராதா?"

"வராது."

"அப்ப அந்த டிரான்ஸ்ஃபார்மரும் இந்தக் கரண்டியும் ஒண்ணுங்கறியா?"

"ஆட்டத்தைப் பொறுத்தவரைக்கும் ஒண்ணுதான்."

அவர் நூலை வாங்கிக்கொண்டார். முதலில் கரண்டியை ஆட்டினார். பிறகு அதே நீளத்தில் அம்மாவின் பெரிய கத்தரிக்கோலைக் கட்டி ஆட்டினார். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆட்டினார். இரண்டும் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தன. சாப்பாடு ஆறிப்போயிற்று. "யாருடா இதைக் கண்டுபிடிச்சது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிரமித்துப்போன குழந்தையின் முகம் அது.

"கத்தரிக்கோலைத் திரும்ப எடுத்த எடத்துல வைங்க," என்றார் அம்மா.

அப்பா சொன்ன ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அதற்கு முதல் நாள் அம்மாவைக் காணவில்லை. மகள் கடைக்குப் போய்வருவதற்குள் கீழறை காலியாக இருந்தது. படிகளில் ஏறி ஓடினாள். மூன்றாவது மாடியில், ஒன்றுமில்லாத வீட்டில், பட்டைகளால் கட்டிய மெஷின்முன் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். தையல் போட முடியாது; தைக்கும் தலையைச் சுற்றிப் பட்டை ஓடியிருந்தது. ஏறிய முழங்கால் பலூன்போல் வீங்கியிருந்தது. அவரை இறக்கிக் கீழே கொண்டுவர மகளுக்கும் கண்ணாடிக் கடைக்காரருக்கும் மதியமெல்லாம் ஆயிற்று.

"மெஷின் இருக்கற எடத்துக்குத்தான் நான் போவேன்," என்றார் அம்மா. "அது கீழ வந்தா நான் கீழ இருப்பேன்."

மெஷின் இறங்க வேண்டும். கீறல் விழாமல் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் அம்மா மறுபடி ஏறுவார். ஞாயிறு காலையிலேயே வீட்டுக்காரரும் வந்து நின்றார். "தப்பா நெனைக்காதீங்க. நாளைக்கு அந்த வீட்டுக்குப் புது ஆளுங்க வராங்க. இன்னிக்கு முடிச்சுடுவீங்கள்ல?"

"முடிச்சுடலாம்," என்றாள் மகள்.

கழுத்து மாமா மேலே ஏறிப்போனார். மகளும் கூடவே போய்க் கட்டைச் சரிபார்த்தாள். பட்டைகள், டயர்த் துண்டுகள், எடை நடுவில் வரும்படி நகர்த்திய அந்த ஒரு பட்டை, எல்லாம் அப்பா விட்டுப்போனபடியே இருந்தன. எஞ்சினியராக அவள் அதில் குறை தேடினாள். இல்லை. ஒரு முடிச்சைக்கூடத் தொடாமல் எழுந்துகொண்டாள்.

கழுத்து மாமா சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். தெருவில் அப்பா நிற்கும் இடம் வெறுமையாக இருந்தது.

"யாராவது போய் நில்லுங்கம்மா. கை இல்லாம எனக்கு இழுக்க வராது."

"இங்கிருந்தே எட்டிப் பாத்து இழுக்கலாமே மாமா. கண்ணுக்குத் தெரியுதே."

"தெரியுது. ஆனா எனக்கு வராது. பழக்கம் அப்படி."

அவள் இறங்கிப் போனாள். பால்கனியும் வாசலும் எதிர் மொட்டைமாடியும் ஒருசேரத் தெரியும் இடம் தெருவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. போய் நின்றாள். வால் பிடிக்கக் கண்ணாடிக் கடைக்காரர் தானாகவே முன்வந்தார். தொங்கிய கயிற்றைப் பிடித்து, பிடி நழுவாதிருக்க உள்ளங்கையில் ஒரு சுற்று சுற்றினார்.

"கையில சுத்தாதீங்க," என்றாள் மகள்.

"அப்புறம் எப்படிம்மா பிடிக்கறது? வழுக்குது."

"வழுக்கணும். அதுக்குத்தான்."

அவர் சுற்றைப் பிரித்தார். பிறகு கயிற்றின் நுனியைத் தூக்கிப் பார்த்தார். "உங்கப்பா இங்க ஒரு முடிச்சு போட மறந்துட்டார் போல."

"மறக்கலைங்க."

அம்மா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து, வீங்கிய காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தார். வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்து நின்றார். தெரு வேடிக்கை பார்த்தது. மகள் கட்டைவிரலை உயர்த்தினாள். மேலே சங்கிலி கடகடவென்றது. மெஷின் தரையைவிட்டு எழுந்தது, கம்பிக்கு மேலே வந்தது, வெளியே நகர்ந்தது. சாயவில்லை. அப்பாவின் கட்டு அதைத் தண்ணீர் நிறைந்த தட்டுபோல் மட்டமாக வைத்திருந்தது.

அவள் மெஷினிலிருந்து கண்ணை எடுத்து எதிர் மொட்டைமாடியைப் பார்த்தாள். கொடியில் ஒரு சட்டை கையை வீசிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போர்வை. அதன் கீழ் ஓரம் புரண்டது. படிந்தது. மறுபடி புரண்டு, இந்த முறை பாதிவரை எழுந்தது.

பலகை பாய் மாதிரி காத்தைப் பிடிக்கும்.

உள்ளங்கையை உயர்த்தினாள். சங்கிலி நின்றது.

"என்ன ஆச்சு?" என்றார் வீட்டுக்காரர்.

அவள் போர்வையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். காத்திருந்தாள். கை கனத்தது. எல்லோரும் அந்தக் கையையே பார்த்தார்கள். கீழே இறக்கிவிடு, முடித்துவிடு, எல்லோரும் வீட்டுக்குப் போகட்டும் என்று உடம்பு கெஞ்சியது. கப்பல் விளிம்பில் அப்பா தூக்கி நிறுத்திய அந்தக் கையின் எடை எவ்வளவு என்று அவளுக்கு முதன்முறையாகத் தெரிந்தது. அது எந்தக் கணக்கிலும் வராத எடை. அவர் அதை வருஷக்கணக்காக, கப்பல் கப்பலாக, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் தூக்கியிருக்கிறார்.

போர்வை முழுசாக எழுந்து கொடியில் படுத்தது. இறங்கவில்லை. தெருமுனையில் ஒரு தகரம் அடித்துக்கொண்டது. தொங்கிய மெஷின் மெல்லத் திரும்பத் தொடங்கியது. கண்ணாடிக் கடைக்காரரின் கைக்குள் வால் வழுக்கியது. அவர் முகம் வெளிறிப்போனது. ஆனால் சுற்றிக்கொள்ளவில்லை.

மகளின் கை உள்பக்கம் சுழன்றது: உள்ளே கொண்டுபோ. பிறகு விரல் கீழே.

மேலே மெஷின் கம்பியைத் தாண்டிப் பால்கனிக்குள் போய் உட்கார்ந்தது. சத்தம் வரவில்லை.

"கைவிடுங்க," என்றாள். கடைக்காரர் கயிற்றை விட்டுவிட்டு உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப இன்னிக்கு இல்லையா?" என்றார் வீட்டுக்காரர். "நாளைக்கு ஆளுங்க வந்து நிப்பாங்களேம்மா. நான் என்ன சொல்றது?"

"பால்கனியில ஒரு மெஷின் இருக்கு, காத்து விட்டதும் எடுத்துக்குவாங்கன்னு சொல்லுங்க. வேற எதுவும் வேணாம்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, சாவியை விரலில் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

கழுத்து மாமா பால்கனியிலிருந்து குனிந்தார். "ரெண்டாவது ஞாயித்துக்கிழமை. மெஷினுக்கு எறங்க மனசே இல்ல போல இருக்கு. டீ குடிக்கலாமா?"

மகள் வாசலுக்கு வந்து அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தூக்கியிருந்த கையைப் பிசைந்துகொண்டாள். அம்மா அதைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். இறுக்கிப் பிடிக்கவில்லை.

"அவர் போட்ட கட்டு தாங்குமா?" என்று கேட்டார்.

"தாங்கும்."

"எனக்கு அவசரமில்ல. நான் மேல ஏற மாட்டேன். நீ பாத்து எறக்கு."

காற்று இன்னும் விடவில்லை. மெஷின் அங்கேதான் இருக்கிறது. தெருவில் அந்த ஓரிடத்தில் நின்று தலையைத் தூக்கினால், பால்கனிக் கம்பிக்கு வெளியே வால் தெரியும். நுனியில் முடிச்சில்லை. காற்று வந்தால் ஆடும்.

அடுத்த ஞாயித்துக்கிழமை நான் எறக்கித் தரேன் என்று சொன்னவர் அப்பா. போர்வை எழாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் போட்ட கட்டோடுதான் அது இறங்கும்.